ஹாரன் அடித்தால் டீ வராத தேசம்

சென்ற நவம்பரில் நானும் மனைவி ஸ்டெல்லாவும் அமெரிக்கா போய் வந்தோம். ஹூஸ்டனில் இருக்கும் மகள் ஜென்சிக்குத் தலைப்பிள்ளை. அதன் ஞானஸ்நானத்துக்குத்தான் போனோம். நான் ஷார்ஜா முவைலாவில் இருபது வருடமாக ஏசி மெக்கானிக்குகளுக்கு ஃபோர்மேன். படிப்பு எட்டாவதுதான். ஆனாலும் இமிக்ரேஷன் அதிகாரி என் இங்கிலீஷைக் கேட்டு எந்த யூனிவர்சிட்டி என்று கேட்காத குறை. துபாயிலிருந்து நேர் விமானம், பதினாறு மணி நேரம். போகவர ஆளுக்கு ஐயாயிரத்துச் சொச்சம் திர்ஹாம் ஆனது.

போக நினைப்பவர்களுக்கு முதலில் அந்த ஊர் மரியாதையைப் பற்றிச் சொல்கிறேன். கண்ணில் பட்டவர்கள் எல்லாம் சிரித்தபடி "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். ஆனால் பதிலுக்கு யாரும் நிற்பதில்லை. என் சர்க்கரை, முழங்கால், போன வருடக் கண் ஆபரேஷன் என்று நான் வரிசையாக ஆரம்பிப்பதற்குள் ஆள் தெருமுனை தாண்டிவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் மருமகன் ஆன்டோவுக்கே தெரியாது. அவர் வீட்டு நாய் பெயர் தெரிகிறது. ஒரு வீட்டுக்குப் போக வேண்டுமானால் முந்தின வாரமே போன் செய்ய வேண்டுமாம். நல்லதையும் சொல்ல வேண்டும்: ரோட்டைக் கடக்க நாம் காலைத் தூக்கினாலே கார் நிற்கிறது. எனக்காக நாற்பது கார் நின்றிருக்கும்.

இரண்டாம் நாள் காலை ஆன்டோவின் காரை எடுத்துக்கொண்டு ஸ்டெல்லாவுடன் ஒரு காபிக் கடைக்குப் போனேன். வளைகுடாவுக்கு வராதவர்களுக்காக ஒரு விளக்கம்: இங்கே கடை வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தால் டீ காருக்கே வந்துவிடும். அதே பழக்கத்தில் இரண்டு தடவை அடித்தேன். யாரும் வரவில்லை. சத்தம் போதவில்லை போல என்று நீளமாக ஒன்று அடித்தேன். கடைக்காரப் பெண் ஓடி வந்து, "ஆம்புலன்ஸ் வேண்டுமா?" என்று கேட்டது. "ரெண்டு டீ, ஒண்ணு சுகர் மாஃபி" என்றேன். அவசரத்தில் அரபு வந்துவிட்டது; மாஃபி என்றால் இல்லை. பின்னாலேயே ஒரு போலீஸ் கார் வந்தது. மூன்று கார் வந்தது என்று கம்பெனி ஆட்களிடம் சொல்லியிருக்கிறேன், அதையும் நம்பலாம். போலீஸ்காரரும் முதலில் சிரித்தபடி எப்படி இருக்கிறீர்கள் என்றுதான் கேட்டார். நிற்கிற ஆள் கிடைத்தாரே என்று முழங்காலிலிருந்து ஆரம்பித்தேன்.

"ஏங்க, வாயை மூடிட்டு வண்டிய எடுங்க" என்றாள் ஸ்டெல்லா.

வீட்டில் ஜென்சி தலையில் கைவைத்தாள். "அப்பா, ப்ளீஸ். இது ஷார்ஜா இல்லப்பா."

அன்று இரவுச் சாப்பாட்டில்தான் அவள் அந்தப் பேச்சை எடுத்தாள். "அம்மா எங்ககூடயே இருக்கட்டும்பா. பேப்பர் எல்லாம் இவர் பாத்துக்குவார். நீங்க லீவுக்கு லீவு வாங்க."

"யோசிச்சு சொல்லுதேன்" என்றாள் ஸ்டெல்லா. எனக்குச் சோறு இறங்கவில்லை. புஜைராவில் எண்ணெய் டேங்க் மேல் ஏறி நின்று சுழல்காற்றையே திட்டி அனுப்பியவன் நான். அந்தச் சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் ஜாடியை எடுத்து எல்லாருக்கும் ஊற்றினேன். அவள் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், பேரனுக்கு அவள் கை வேண்டும். என்னோடு வந்துவிடு என்று எந்த வாயால் சொல்வது?

திரும்பும்போது விமானத்தில் பேரன் போட்டோவையே பார்த்துக்கொண்டு வந்தாள். முடிவு என்ன என்று நான் கேட்கவில்லை. துபாய் ஏர்போர்ட்டுக்கு என் காரைக் கொண்டுவந்திருந்தான் ராமநாதபுரத்துச் செல்வம், எங்கள் கம்பெனி ஆள்.

"அண்ணாச்சி, அமெரிக்கா எப்படி?"

"என்னைய விட மனசில்லாம அனுப்பினானுவ" என்று சாவியை வாங்கினேன். முவைலாவுக்கு அரை மணி நேரம். வழக்கமான கஃபெட்டீரியா முன்னால் நிறுத்தினேன். கை ஹாரனுக்குப் போகவில்லை, ஹூஸ்டன் பயம்.

ஸ்டெல்லா என் பக்கம் சாய்ந்து, தானே இரண்டு தடவை அடித்தாள்.

கடைக்கார மலையாளி குஞ்ஞுமோன் துண்டால் கையைத் துடைத்தபடி வந்தார். "சேச்சி, எவ்விட ஆயிருந்நு? இத்ர நாள் கண்டில்லல்லோ." இத்தனை நாள் எங்கே காணோம் என்று கேட்டுவிட்டு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

"மவ வீட்டுக்குப் போயிருந்தேன். வருசத்துக்கு ஒரு மாசம் போய் பாத்துட்டு வந்தா போதும்னு ஜென்சிகிட்ட சொல்லிரணும்" என்றாள் அவரிடம். அது எனக்கான பதிலும்தான்.

"சாயா ரெண்டு, ஒண்ணு மதுரமில்லாத்தது" என்று அவரே சொல்லிக்கொண்டு போனார். ஒரு திர்ஹாம் டீ அன்று பாயசமாக இறங்கியது. சீனி போடாததுதான் என்னுடையது.

போகிறவர்கள் கவனிக்க: ஹூஸ்டனில் கனத்த குளிர் உடுப்பு தேவைப்படாது, கடைகளின் ஏசிக்கு மட்டும் ஒரு ஸ்வெட்டர் போதும். தண்ணீர் கேட்டால் ஐஸ் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஹாரனைத் தொடாதீர்கள். டிக்கெட் போகவர எடுங்கள், மனைவிக்கும் சேர்த்து.