நாலு விரல் இடைவெளி

என் மகள் தூக்கத்தில் தன் பிள்ளையை அழுத்தவில்லை.

இது எனக்குத் தெரியும். நாலு வருடமாகத் தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்... ஏனென்றால், அழுத்தியதாக அவளை நம்ப வைத்தவன் நான்!

உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்கும். மாதம் ஒருமுறை இதே பக்கத்தில் மனைவியையும் மில்லையும் என் வழுக்கையையும் வைத்துப் பிழைப்பு நடத்துகிறவன். நாலு வருடத்துக்கு முன்னால், பேரன் படுக்க ஓர் இடம் தேடி நான் பட்ட பாட்டை இங்கே எழுதியிருந்தேன். நீங்கள் சிரித்தீர்கள். சாத்தூர் வாசகர் ஒருவர் அஞ்சலட்டைகூடப் போட்டார். அதில் எழுதியது எல்லாமே நடந்ததுதான். எழுதாமல் விட்டதும் நடந்ததுதான்...

அதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

மகள் நித்யாவைக் கட்டிக்கொடுத்த இடம் ஸ்ரீவில்லிபுத்தூர். தலைப்பிரசவமும் அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில். வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒரு நர்ஸம்மா வந்து ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "மல்லாக்கப் போடுங்க. மெத்தை கெட்டியா இருக்கணும். தலையணை, துண்டு, பொம்மை ஒண்ணும் பக்கத்துல கூடாது. ஒரே கட்டில்ல ஒங்க கூடப் போட்டுக்கிடாதீங்க. கை எட்டுற தூரத்துல, ஆனா தனியா."

"ஒரே கட்டில்ல போட்டா என்ன சிஸ்டர்?" என்று நித்யா கேட்டாள்.

"அசந்து தூங்கும்போது கை விழுந்துரும்மா. அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' என் மகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, பிள்ளைக்குப் பதினைந்து நாள் ஆகும்வரை அவள் படுக்கவே இல்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தே இருந்தாள். "கண்ணசந்தா கையப் போட்டுருவேன்ப்பா" என்பாள். கண்ணுக்குக் கீழே கரி பூசியதுபோல ஆகிவிட்டது.

தொட்டிலை முன்பே வாங்கி வைத்திருக்கலாமே என்பீர்கள். பிறக்காத பிள்ளைக்கு ஓர் ஊசி நூல்கூட வாங்கக் கூடாது என்பது என் மனைவி சாந்தியின் சட்டம். நான் பகுத்தறிவாளன். ஆகையால் அந்தச் சட்டத்தைக் கிண்டல் செய்துகொண்டே கடைப்பிடித்தேன்.

அறையோ பத்துக்கு ஒன்பது. அதில் ஒரு கட்டில், ஒரு பீரோ. பீரோவைத் திறக்க வேண்டுமானால் ஆள் கட்டில்மேல் ஏறி நிற்க வேண்டும். உத்தரக் கொக்கியில் சேலைத் தொட்டில் கட்டுவோம் என்றாள் சாந்தி. கொக்கியில் மின்விசிறி தொங்கியது.

"அதக் கழட்டுங்க. பிள்ள பெருசா, காத்தாடி பெருசா?"

"மே மாசம்டி!"

"நம்ம பிள்ளைக வளரலையா? ஒங்களுக்குப் பொஸ்தகத்துல போட்டிருந்தாத்தான் எதுவும் ஏறும்."

சோழபுரத்துச் சம்பந்தி வகையில் ஒரு மரத்தொட்டில் இருந்தது. அது உள்ளே வந்தால் தாய் வெளியே படுக்க வேண்டும். கடைசியில் நான் வாசித்து, ஒப்பிட்டு, மில்லிலிருந்து கொண்டுவந்த அளவு நாடாவால் மூன்று முறை அளந்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கட்டிலோடு ஒட்டி நிற்கும் பெட்சைடு தொட்டில். ஒரு பக்கச் சுவரை இறக்கிவிடலாம். தாய் படுத்தபடியே கை நீட்டி எடுக்கலாம், திரும்ப வைக்கலாம். ஒன்றரை அடி இடம் போதும். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே சரியான தேர்வு அது... அப்போதும், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கூடவே வந்த தாளைப் பென்சிலால் கோடிட்டு வாசித்தேன். இரண்டு பெல்ட்டைக் கட்டில் சட்டத்தோடு சுற்றிக் கிளிப்பில் இறுக்க வேண்டும். கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் நடுவே இடைவெளியே இருக்கக் கூடாது. இருந்தால் துணியை வைத்து அடைக்கக் கூடாது. ஒன்பது கிலோவுக்கு மேல் பாரம் கூடாது. எந்தப் பாகமாவது உடைந்திருந்தால் உபயோகிக்கவே கூடாது.

அன்று மாலை பிள்ளையைப் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆனால் எங்கள் வீட்டில் எந்தப் பிள்ளையும் தொட்டிலில் முதலாவதாகப் படுப்பதில்லை. முதலில் அம்மிக் குழவி படுக்கும். அதைக் கழுவி, மஞ்சள் தடவி, மை தீட்டிக் கண் வைத்து, பிள்ளையின் சட்டையும் குல்லாவும் போட்டு, தொட்டிலைச் சுற்றி மூன்று முறை கைமாற்றிப் படுக்க வைப்பார்கள். வருகிற கண்ணெல்லாம் கல்லோடு போய்விடுமாம். பிறகு கல்லை எடுத்துவிட்டு, அதே குல்லாவை மாட்டிப் பிள்ளையைப் படுக்க வைக்க வேண்டும்.

பிள்ளை பிறந்த பதினாறாம் நாள் அது நடந்தது. பக்கத்து வீட்டு சுப்பம்மா அக்காதான் மை தீட்டினார். அவர் வீட்டில் தெலுங்குப் பேச்சு. "ரா நாயனா, ரா" என்று கல்லைக் கொஞ்சிக்கொண்டே இரண்டு பெரிய கண்களை வரைந்தார். வரைந்து முடித்ததும் கல் எங்களைப் பார்த்தது. ஒரு நொடி யாரும் பேசவில்லை.

நான்தான் பேசினேன். எனக்குத்தான் எந்த மௌனமும் பொறுக்காதே!

"அக்கா, மூத்த பேரனுக்குத் தலை அப்படியே என்னய மாதிரி" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும் விட நான் அதிகமாகச் சிரித்தேன். சிரித்த கையில் கல் இருந்தது. மஞ்சளில் வழவழத்த கல். பத்துக் கிலோவுக்குக் குறையாது.

'டொக்' என்று ஒரு சத்தம். தொட்டிலின் மூலையில், சரியாக அந்தக் கிளிப்பின்மேல்.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. குதிரையே படுக்கலாம் இதுல" என்றேன்.

எல்லாரும் போன பிறகு குனிந்து பார்த்தேன். கிளிப்பில் மயிரிழைபோல ஒரு வெள்ளைக் கோடு. கை வைத்து இழுத்தால் பெல்ட் மெல்ல நழுவியது. நான் நூற்பு மில்லில் ஸ்டோர்ஸ் கீப்பர். இருபத்தாறு வருடமாக உதிரிபாகம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. விரிசல் விட்டதை மாட்டக் கேட்டு வருகிறவனை நான் வாசலிலேயே திருப்பி அனுப்புவேன். அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது!

ஏன் சொல்லவில்லை? சொன்னால் மின்விசிறியைக் கழற்ற வேண்டும். சாந்தி ஜெயித்துவிடுவாள். அதோடு, தொட்டிலைப் பற்றிய கட்டுரையைப் பாதி எழுதி வைத்திருந்தேன்... நல்லவிதமாக வந்துகொண்டிருந்தது.

நாளைக்கு மில்லில் ஒரு கொண்டி தேடிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதுவரைக்கும் நழுவிய இடத்தில் என் துண்டை மடித்துச் செருகினேன். எந்தத் தாளில் கூடாது என்று நானே கோடிட்டேனோ, அதை நானே செய்தேன்.

அன்றுதான் நித்யா முதன்முதலாகப் படுத்துத் தூங்கினாள்.

நாளை என்பது மூன்று நாள் ஆயிற்று.

மூன்றாம் நாள் மத்தியானம். மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்திய நாள்; மில்லும் ஓடவில்லை. சாந்தி காய் வாங்கப் போயிருந்தாள். நான் கூடத்தில் படுத்து அசந்திருந்தேன். எங்கள் தெருவில் எந்நேரமும் தறிச் சத்தம் இருக்கும். அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் தூங்குவோம், பேசுவோம், சண்டை போடுவோம். அன்று ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதிதான் என்னை எழுப்பியது. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல எழுந்து உட்கார்ந்தேன்.

அறைக் கதவைத் தள்ளினேன். நித்யா சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் இரண்டு கையும் அவள் கன்னத்துக்குக் கீழே இருந்தன. இதை நீங்கள் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்... இரண்டு கையும்!

தொட்டில் காலியாக இருந்தது.

பெல்ட் நழுவித் தொட்டில் சாய்ந்திருந்தது; கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அதற்குள் குல்லா தெரிந்தது. யாரோ குழவியைத் திரும்பக் கொண்டுவந்து இங்கே செருகியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அசையவில்லை. முகம் என் துண்டில் பதிந்திருந்தது. துண்டை இழுத்தேன். இரண்டு கண்கள் திறந்து என்னைப் பார்த்தன.

அழவில்லை. மூச்சும் இல்லை. பார்வை மட்டும் இருந்தது.

தொட்டிலை முழங்காலால் தள்ளிப் பிள்ளையை உருவி எடுத்தேன். முதுகைத் தடவினேன், உள்ளங்காலைச் சுண்டினேன், என்னவெல்லாம் செய்தேனோ... எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். அந்த நேரம் இன்னும் முடியவில்லை. பிறகு ஒரு சின்ன விக்கல். மார்பு ஏறி இறங்கியது. அப்போதும் அவன் அழவில்லை. கண் என்மேலேயே இருந்தது.

இடது கன்னத்தில் துண்டின் நெசவு சிவப்பாகப் பதிந்திருந்தது.

நான் அடுத்துச் செய்தது என்ன தெரியுமா? பிள்ளையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் துண்டை எடுத்துத் தோளில் போட்டேன். காலால் தொட்டிலைத் தள்ளிக் கட்டிலோடு ஒட்டினேன். அதற்குப் பிறகுதான் நித்யா விழித்தாள்.

"என்னப்பா? என்ன ஆச்சு? ஏன் பிள்ள ஒங்ககிட்ட இருக்கான்?"

அந்த நேரம் பார்த்துக் காய்ப் பையோடு சாந்தி உள்ளே வந்தாள். கன்னத்தைப் பார்த்தாள். பையைப் போட்டாள்.

"ஏட்டி, பால் குடுத்துட்டுப் பக்கத்துலயே போட்டுத் தூங்கிட்டியா? கையப் போட்டுட்டியாட்டி?"

நித்யா என்னைப் பார்த்தாள். "அப்பா... நான் தொட்டில்ல வச்ச மாதிரிதான் இருக்கு. வைக்கலையா நான்? கையப் போட்டுட்டேனா?"

நான் "இல்லை" என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல்.

"லேசாத்தான்" என்றேன்.

லேசாத்தான்! சமாதானப்படுத்துகிற தொனியில் வேறு சொன்னேன்.

உடனே ஆட்டோ பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, இருந்தாலும் ஒரு நாள் இருக்கட்டும் என்றார். எப்படி ஆயிற்று என்று கேட்டார். நித்யா முந்திக்கொண்டு சொன்னாள். "நாந்தான் சார். தூக்கத்துல கையப் போட்டுட்டேன். எங்கப்பா பாத்து எடுத்தாவ."

டாக்டர் அவளைத் திட்டினார். கண்டிப்பாகத் திட்டினார். படித்த பிள்ளைதானே, சொல்லித்தானே அனுப்பினோம் என்றார். நான் பக்கத்து நாற்காலியில், தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மில்லில் இரும்புக் கொண்டி கிடைத்தது. பூட்டினேன். உடைந்த கிளிப்பைக் கழிவுப் பெட்டியில் போட்டேன். கட்டுரையை முடித்து அனுப்பினேன். நீங்கள் சிரித்தீர்கள்.

பேரன் கவினுக்கு இப்போது நாலு வயது. ஒரு குறையும் இல்லை, வாய் ஓயாமல் பேசுவான். நான் போனால் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பான். பத்தொன்பது நாள் குழந்தைக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. இதைப் பற்றி நிறைய வாசித்துவிட்டேன். வேறு எதைப் பற்றியும் இவ்வளவு வாசித்ததில்லை! ஆனாலும் அவன் கண் இமைக்காமல் பார்க்கும்போது, நான் முதலில் பார்வையை எடுத்துவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். நித்யாவுக்கு மறுபடி ஏழு மாதம். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். "மாமா, ஒங்க மக வலது கையத் துப்பட்டாவால கட்டில் சட்டத்துல கட்டிக்கிட்டுத்தான் தூங்குதா. நாலு வருசமா. கவின் தனியாத்தான் படுக்கான், இருந்தும் கட்டுதா. கேட்டா, பழகிப்போச்சுங்கா."

மணிக்கட்டைப் பார்த்தேன். வளையல் கிடக்கும் இடத்தில் மெலிசாக, பளபளவென்று ஒரு தழும்பு.

இரண்டாவது பிரசவம் புகுந்த வீட்டில்தான் என்று பேச்சு. அவள்தான் ராஜபாளையம் வருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். காரணத்தை என்னிடம் தனியாகச் சொன்னாள்.

"இந்தப் பிள்ளைய ஒங்க பக்கத்துலயே போட்டுக்கிடுங்கப்பா. என் ரூம்புல வேண்டாம். பால் குடுக்க மட்டும் என்னய எழுப்புங்க. குடுத்து முடிக்கிற வரைக்கும் செத்த நேரம் நில்லுங்க, பொறவு வாங்கிட்டுப் போயிருங்க. எனக்கு என் கை மேல நம்பிக்கை இல்ல. அன்னிக்கு நீங்க இல்லேன்னா..."

இப்போதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"சரிம்மா" என்றேன்.

இதை அச்சுக்கு அனுப்புகிறேன். என் மகள் நான் எழுதுவதை வாசிப்பதில்லை. வீட்டில் கேட்டதே போதும் என்பாள். அது தெரிந்துதான் இங்கே எழுதுகிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்... ஆகவே இதைத் தைரியத்தில் சேர்த்துவிடாதீர்கள்!

நேற்று போன் செய்தாள்.

"அப்பா, ஒங்ககிட்டயே தூங்கிப் பழகிட்டா, பொறவு இந்தப் பிள்ள என்கிட்ட ஒட்டாதோ?"

அவளே சொன்னாள்.

"ஒட்டாட்டிப் போகட்டும். நல்லா இருந்தாப் போதும். என்னப்பா?"

"ஆமாம்மா" என்றேன்.