ஐந்து மணி போன்

அப்பாவின் பட்டன் போன் விடியற்காலை ஐந்து மணிக்கு பிஸ்கட் டப்பாவின் மேல் கிடந்து நடுங்கும் சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் போர்வையை உதறிக்கொண்டு எழத் தோன்றுகிறது. பாட்டு காதில் விழுவதற்கு முன்பே தகரம் "டர்ர்ர்" என்று அதிரும். அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும் அம்மா, வாசலில் ஆள் வந்து நிற்பது மாதிரி, "வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று பதறுவாள். அப்பா பாயிலிருந்து எழுந்து, மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, நின்றபடிதான் போனை எடுப்பார். "எழுந்துட்டா டீச்சரம்மா, படிச்சினு இருக்கறா" என்று அவர் சொல்லும்போது நான் பெரும்பாலும் போர்வைக்குள் இருப்பேன். அடுத்த நொடி போன் என் காதுக்கு வந்துவிடும், கூடவே ஒரு கணக்குக் கேள்வியும்.

பேசுவது வசந்தா மிஸ். வேங்கிக்கால் பக்கம் நான் பத்தாவது படித்த அரசு மேல்நிலைப் பள்ளியின் கணக்கு டீச்சர். எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி; முன்பக்கம் டீக்கடை, பின்பக்கம் நாங்கள் மூன்று பேர். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பள்ளியில் எங்களைப் பிரித்தார்கள். நன்றாகப் படிப்பவர்கள் கட்டடத்துக்குள்ளேயே இருக்க, பாடங்களில் கோட்டை விட்டவர்களுக்கு வேப்பமரத்தடியில் தனி வகுப்பு. அரசாங்கக் காகிதத்தில் எங்களுக்கு "மெல்லக் கற்போர்" என்று மரியாதையான பெயர்தான். பள்ளிக்கூடம் முழுக்க எங்களைக் கூப்பிட்டது "மரத்தடி" என்று. "ஏய் மரத்தடி, சாக்பீஸ் எடுத்துனு வா" என்று எட்டாவது பையன்கூட அதிகாரம் பண்ணுவான். எனக்கு மற்றப் பாடங்கள் எப்படியோ ஒப்பேறின; கணக்கு மட்டும் ஏறவே இல்லை.

மரத்தடிக்குப் புத்தகம் முழுக்கக் கிடையாது. வட்டத்துக்குத் தொடுகோடு, ஒரு முக்கோணம், ஒரு கிராப், மனப்பாடமாய்ச் சில கணக்குகள், அவ்வளவுதான். "ஜாமெட்ரியும் கிராப்பும் கையில இருந்தா ஒருத்தரும் உங்கள அசைக்க முடியாது" என்பார் மிஸ். கனவில்கூட காம்பஸ் வட்டம் போடும் அளவுக்கு வரைந்தோம். இது போதாதென்று ஒவ்வொரு டீச்சரும் சில பிள்ளைகளைத் "தத்து" எடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. வீட்டில் போய், "மிஸ் என்னைத் தத்து எடுத்துனு இருக்காங்க" என்றேன். அம்மா கரண்டியை அப்படியே வைத்துவிட்டு, "ஏன், நாங்க என்ன செத்தா பூட்டோம்?" என்றாள். தினமும் காலையில் போன் போட்டு எழுப்புவதற்குத்தான் தத்து என்று புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்பா ஒருநாளும் திட்டவில்லை. "வராட்டி வுடு பாப்பா, கடை இருக்குது" என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அதைக் கேட்டு உதறல் எடுத்தது. பெரியாஸ்பத்திரியில் எனக்கு ஒருமுறை ரத்தம் எடுத்த அக்காவின் வெள்ளைக் கோட்டு என் மனதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதே மாதிரி லேப் படிப்புப் படிக்க வேண்டும். அதற்குப் பத்தாவது தேற வேண்டும். தேறாவிட்டால் பாய்லரும் டீ கிளாஸும்தான்.

மிஸ்ஸுக்கும் பயம் இருந்தது என்பது அப்போதே அரசல்புரசலாகத் தெரியும். தேர்ச்சி கம்மியான பள்ளிகளின் ஆசிரியர்களை மீட்டிங்கில் எழுப்பி நிற்க வைத்துக் காரணம் கேட்பார்களாம். முந்தைய வருடம் மிஸ் அப்படி நின்றுவிட்டு வந்தாராம். மீட்டிங் முடிந்து வரும் நாளில் சிவப்புப் பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டே எங்கள் கிராப்புகளைத் திருத்துவார். "எனக்கு ராத்திரில தூக்கமே வர்ல. நீங்க எப்படிடி தூங்கறீங்க?" என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்பார்.

அந்த வருடம் கணக்குப் பரீட்சை பங்குனிப் பௌர்ணமிக்கு மறுநாள் வந்து விழுந்தது. பௌர்ணமி என்றால் எங்கள் கடைக்குத் தீபாவளி. விடியும்வரை கூட்டம் ஓயாது. அப்பா டீ ஆற்ற, அம்மா சுண்டல் கட்ட, நான் கிளாஸ் கழுவ, கடைசியில் மூன்று பேரும் விழுந்த இடத்தில் தூங்கிப்போனோம். அலாரம் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அதுதான் ஐந்து மணிக்கு மிஸ் கூப்பிடுவாரே! பாதை முழுக்க ஜனம் மொய்க்கும் அந்த ராத்திரிகளில் எங்கள் பக்கம் போன் எதுவுமே கிடைக்காது என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

தகரக் கதவைத் தட்டும் சத்தத்தில் கண் விழித்தபோது முகத்தில் வெயில் அடித்தது. வாசலில் வசந்தா மிஸ். புடவை முழுக்கத் திருநீறும் புழுதியும், ஒரு கால் செருப்பைக் காணோம். "தொடர்பு எல்லைக்கு வெளியேன்னே சொல்லுது... எழுந்துக்கல இல்ல? எனக்குத் தெரியும்!" என்று மூச்சு வாங்கினார். அப்பா லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு என் புத்தகப் பையைத் தேடினார். பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள், வண்டி எதையும் பாதைக்குள் விடவில்லை. மிஸ் ஊருக்குள் ஸ்கூட்டியை விட்டுவிட்டு, மலையைச் சுற்றி வரும் அத்தனை கூட்டத்துக்கும் எதிராக நடந்தே வந்திருக்கிறார். "மலைய எதிர்த்து வர்றியேம்மா, ஆகாதும்மா" என்று வழியெல்லாம் திட்டினார்களாம். "புள்ளைக்குப் பரீட்சைங்க, பரீட்சைங்கன்னு சொல்லிக்கினே வந்தேன்" என்றார்.

முகம் கழுவியது மட்டும்தான் நினைவிருக்கிறது. திரும்பும்போது கூட்டத்தோடு கூட்டமாக நடந்தோம். சுற்றிலும் எல்லோரும் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு வர, நான் தொடுகோடு வரையும் முறையைப் படிப்படியாகச் சொல்லிக்கொண்டு போனேன். ஒன்றைத் தவறவிட்டால் மிஸ்ஸின் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கும். அந்தக் கை சில்லென்று வியர்த்திருந்தது. மணி அடிக்கும் நேரத்துக்குப் பரீட்சை ஹாலுக்குள் ஓடினேன். தொடுகோடு வந்திருந்தது. கிராப்பும் வந்திருந்தது. என் பென்சில்தான் நடுங்கிக்கொண்டே இருந்தது.

கணக்கில் கரையேறிவிட்டேன், அவ்வளவுதான் மார்க். அறிவியலில் ஒரு பையன் பெயிலாகிவிட்டதால் பள்ளிக்கு அந்த வருடமும் முழுத் தேர்ச்சி கிடைக்கவில்லை. அடுத்த மீட்டிங்கில் யாரை நிற்க வைத்தார்களோ தெரியாது.

இப்போது வேலூரில் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். பள்ளியில் அந்த வேப்பமரம் இல்லை. அந்த இடத்தில் புதுக் கட்டடமும் ஸ்மார்ட் போர்டும் வந்துவிட்டன. எழுப்புவதெல்லாம் வாட்ஸ்அப் குழுவில், ஒரு சூரியன் படத்தோடு முடிந்துவிடுகிறதாம். கடையில் தகர டப்பா போய் பிளாஸ்டிக் வந்துவிட்டது. அப்பாவின் டச் போன் அதன் மேல் அதிர்ந்தாலும் சத்தம் வருவதில்லை.

போன பௌர்ணமிக்கு லீவில் வந்து கடையில் நின்றபோது, வெறுங்காலோடு ஒரு அம்மா டீ கேட்டார். வசந்தா மிஸ். ரிட்டையர் ஆகிவிட்டாராம், மாதம் தவறாமல் சுற்றுகிறாராம். இத்தனை பக்தி எப்போதிலிருந்து என்று சிரித்தேன்.

"பக்தி இல்லடி, பயம். அன்னிக்கு மலைய எதிர்த்து நடந்துட்டேன் இல்ல? நீ எழுதிட்டு வெளிய வர்ற வரைக்கும் அதே நெனப்பு, என்னால உனக்கு எதுனா ஆயிடுமோன்னு. நீ பாஸானா கால்ல தெம்பு இருக்கற வரைக்கும் நேரா சுத்தறேன்னு ஸ்கூல் கேட்டுக்கு வெளியவே நின்னு வேண்டிக்கினேன்."

அன்றைக்கு நான் ஒருத்திதான் நடுங்கினேன் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

மிஸ் கிளாஸை வைத்துவிட்டு, "இப்பல்லாம் எத்தன மணிக்கு எழுந்திருக்கறே?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பாய்லர் பக்கமிருந்து எழுந்து, லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, "அஞ்சு மணிக்கே எழுந்துட்றா டீச்சரம்மா" என்றார்.

மிஸ் என்னைப் பார்த்தார், அடுத்து ஒரு கணக்குக் கேட்கப்போகிறவர் மாதிரி.

"ஆமா மிஸ்" என்றேன்.