மோரிக்குள் ஒரு சைக்கிள் மணி

மூக்கில் ஏறும் நாற்றம் வேறு, வாய்க்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் நாற்றம் வேறு. முதல் வகைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டால் போதும். இரண்டாவது வகை நாக்கின் அடியில் ஒட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் முதல் பாடவேளை முடியும்வரை எச்சிலோடு கலந்து கிடக்கும். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் புளிசாதத்திலும் இருக்கும். பதினொன்றாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படித்த காலத்தில் தினமும் போகும்போதும் வரும்போதும் நான் அந்த நாற்றத்தைத் தின்றேன். சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போன கதையை எழுதுகிறவர்களெல்லாம் புளியமர நிழல், முகத்தில் மோதும் காற்று என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படி எழுத வராது, மன்னிக்க வேண்டும்.

எங்கள் ஊர் சூளகிரிக்குப் பக்கத்தில், பெங்களூர் போகிற நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. வீடுகள் சாலைக்கு இந்தப் பக்கம், மேல்நிலைப்பள்ளி அந்தப் பக்கம். நான் சின்னவளாக இருந்தபோது சாலையின் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. இரண்டு பக்கமும் பார்த்து ஓடிவிடலாம். சாலையை அகலப்படுத்தியவர்கள் அதை அடைத்து, இடுப்பு உயரத்துக்கு டிவைடர் கட்டிவிட்டுப் போனார்கள். ஊரை இரண்டாக வெட்டிவிட்டோமே, இவர்கள் எப்படிப் போவார்கள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. மேம்பாலம் வரை சர்வீஸ் ரோட்டில் மிதித்துப் போய், அந்தப் பக்கம் இறங்கித் திரும்பி வரலாம். ஆனால் போகிற வழியும் வருகிற வழியும் முழுக்க "ராங் சைடு", கன்டெய்னர் லாரிகள் நேர் எதிரே வரும். ஆண்கள் சைக்கிளைத் தோளில் தூக்கி டிவைடருக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு ஏறிக் குதித்தார்கள். கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போன என் அப்பாவும் அப்படித்தான் போனார். பெண்களுக்கும் ஆடுமாடுகளுக்கும் மிச்சம் இருந்தது "மோரி".

மோரி என்று நாங்கள் சொன்னது, மழைத்தண்ணீர் போவதற்காகச் சாலைக்கு அடியில் கட்டிவிட்டிருந்த சிமெண்ட் பொந்து. தலையைக் குனிந்தால் சைக்கிளில் உட்கார்ந்தபடியே போய்விடலாம். மழைத்தண்ணீர் அதில் ஓடியது வருஷத்தில் சில நாள்தான். மற்ற நாளெல்லாம் மேட்டுப் பக்கத்துக் கம்பெனி ஷெட்டுகளில் இருந்து வருகிற தண்ணீர், ஒரு நாள் கறுப்பாக, ஒரு நாள் பச்சையாக, சில நாள் முழங்கால் உயர நுரையோடு வரும். விலை விழுந்த சீசனில் வண்டி வண்டியாகக் கொட்டிய தக்காளி அதில் அழுகிக் கிடக்கும். சக்கரம் அதன்மேல் ஏறினால் வழுக்கும். லாரிக்காரர்கள் ஓடுகிற வண்டியில் இருந்தே வீசுகிற "மஞ்சள் பாட்டில்கள்" மிதக்கும். அவற்றில் இருப்பது ஜூஸ் இல்லை என்று சொல்லத் தேவையில்லை. முன்சக்கரம் ஏறி ஒன்று வெடித்த நாளில், பாவாடை நனைந்த அந்த இடத்தைத் தொடாமல் சாயங்காலம் வரை எப்படி உட்கார்ந்திருந்தேன் என்பது எனக்கே தெரியாது.

அரசாங்கம் கொடுத்த புது சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "நாத்தம் புடிச்சு யாரும் சாவல. லாரி புடிச்சா செத்துருவ. மோரியிலயே போயி வா." இதற்கு மறுபேச்சு கிடையாது. அம்மாவுக்கு மோரி பழக்கம்தான், சாயங்காலத்தில் எருமையை அதன் வழியாக ஓட்டி வந்திருக்கிறாள். காலை நேரத்து மோரி அவளுக்குத் தெரியாது.

காலையில் அதற்குள் ஆண்கள் குந்தியிருப்பார்கள். சர்வீஸ் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டிய டிரைவர்கள், நைட் ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்புகிறவர்கள், எங்கள் ஊர்க்காரர்கள் சிலர். எதற்கு இருப்பார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. எங்களுக்கு முன்னால் படித்து முடித்த ஓர் அக்கா, புது சைக்கிள் வாங்கிய என்னையும் என்னோடு படித்த மஞ்சுளாவையும் கூப்பிட்டுச் சொன்னாள். "நுழையறதுக்கு முன்னாடி இருந்தே பெல் அடிச்சிகினே போங்கடி. எழுந்து திரும்பி நின்னுக்குவாங்க." அப்படியே அடித்துக்கொண்டு போனோம். பாதிப் பேர் எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொள்வார்கள். மீதிப் பேர் திரும்புவதில்லை. சிலர் வேண்டுமென்றே திரும்புவதில்லை. அவர்கள் மானத்துக்கு நாங்கள் மணி அடித்தோம், எங்கள் மானத்துக்கு நாங்களேதான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது.

மஞ்சுளா பக்கத்துத் தெரு, வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அழுதுகொண்டே தன் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். அண்ணன் மோரிக்குப் போய் யாரையும் கேட்கவில்லை; தங்கையின் படிப்பை நிறுத்தினான். அடுத்த வாரம் அவளுடைய சைக்கிளின் இரண்டு பக்கமும் பால் கேன்கள் தொங்கின, அவன் மிதித்துக்கொண்டு போனான். அன்று நான் ஒன்றை உறுதி செய்துகொண்டேன். மோரிக்குள் பார்த்ததை வீட்டில் சொன்னால் பள்ளிக்கூடம் போய்விடும். அப்பா ஏற்கெனவே "பன்னண்டாவது வரைக்கும் எதுக்கு" என்று ஆரம்பித்திருந்தார். வாயை மூடிக்கொண்டு தனியாக மிதித்தேன். வகுப்பில் என் செருப்பு நாற்றத்துக்காகப் பக்கத்தில் இருந்தவள் தள்ளி உட்கார்ந்ததையும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். அப்பாவுக்கு லீவு இல்லை. அம்மா தலையை வாரிக்கொண்டு, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். வழியெல்லாம் வேறு பக்கமாகப் போகச் சாக்குத் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. சீமைக்கருவேல் புதரைத் தாண்டி மோரி வாய் தெரிந்ததும் என் கட்டைவிரல் பழக்கத்தில் மணியை அமுக்க ஆரம்பித்துவிட்டது.

"யாரும் இல்லாத எடத்துல என்னாத்துக்குடி பெல் அடிக்கிற?" என்றாள் அம்மா.

நான் அமுக்கிக்கொண்டே மிதித்தேன். உள்ளே போனதும் அவளுக்கே பதில் கிடைத்தது. முதலில் இரண்டு டிரைவர்கள் சுவர்ப் பக்கம் திரும்பினார்கள். அவர்களைத் தாண்டினால், திரும்பாமல் உட்கார்ந்திருந்தவர் எங்கள் ஊர்ப் பெரிய மனுஷர் ஒருவர். திருவிழா என்றால் முன்வரிசையில் நிற்பவர். அரசாங்கம் வீட்டில் கட்டிக்கொடுத்த கக்கூஸில் விறகு அடுக்கி வைத்திருந்தவர். நான் அவரை மாமா என்று கூப்பிட வேண்டும். அம்மா கேரியரில் இருந்து அந்தத் தண்ணீரில் இறங்கினாள். நல்ல புடவை கணுக்கால் வரை கறுத்தது. முகத்தை வெளிச்சம் வருகிற பக்கம் வைத்துக்கொண்டு, குழாயடியில் குடத்துக்கு முறை கேட்கிற குரலில் கேட்டாள்.

"அண்ணா, இன்னும் ஆவலயா? எம்மவளுக்கு இஸ்கூலுக்கு நேரமாவுது."

கேட்டுவிட்டு அப்படியே நின்றாள். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே போகிற சத்தம் கேட்டு ஓய்ந்த பிறகுதான் மறுபடி ஏறி உட்கார்ந்தாள். கூட்டத்தில் வாத்தியார் என்ன சொன்னார் என்பது என் காதில் விழவில்லை. மஞ்சுளாவின் சைக்கிளில் தொங்கிய பால் கேன்கள்தான் கண்முன்னால் ஆடின.

இரவு சாப்பிடும்போது அப்பா, வாத்தியார் என்ன சொன்னார் என்று கேட்டார். என் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "நல்லா படிக்கிறாளாம்" என்று சொல்லிவிட்டு அம்மா அவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். அவ்வளவுதான்.

அந்த வாரம் கொத்தமல்லிக் கட்டைச் சூளகிரிக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்த அம்மா, முந்தானையில் இருந்து ஒரு சைக்கிள் மணியை எடுத்தாள். பால்காரர்கள் வைத்திருப்பார்களே, கிண்ணம் மாதிரி பெரிசாக, அமுக்கினால் தெருவே திரும்பிப் பார்க்கும், அந்த ரகம். அரசாங்க சைக்கிளோடு வந்த சின்ன மணியைக் கழற்றிவிட்டு, கத்தி முனையால் திருகி அவளே மாட்டினாள். "இது நல்லாக் கேக்கும். உள்ள போறப்ப அடி. அந்தப் பக்கம் வெளிய போயி ஒருக்கா அடி" என்றாள்.

அப்போது எனக்கு அம்மாவின் மேலேயே அருவருப்பு வந்தது. கண்ணால் பார்த்தாள், காலால் மிதித்தாள், கடைசியில் அவள் செய்ததெல்லாம் எனக்குப் பெரிய மணி வாங்கிக் கொடுத்ததுதானா என்று பல்லைக் கடித்தேன். அந்த ஆண்களுக்கு இன்னும் சத்தமாகச் சேதி சொல்ல வேண்டுமாம். வெளியே போய் இன்னொரு தடவை எதற்கு அடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சொன்னதற்காக அடித்தேன்.

அது எதற்கு என்று தெரிந்தது, சங்கிலி கழன்ற நாளில். மோரியை விட்டு வெளியே வந்த இடத்திலேயே பெடல் வெறுமனே சுற்றியது. சைக்கிளைப் புரட்டிப் போட்டுச் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தேன், இரண்டு கையிலும் கிரீஸ், மணி ஞாபகமே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மோரிக்குள் தண்ணீர் சளசளவென்று அடிபடுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். அம்மா ஓடி வந்துகொண்டிருந்தாள். கையில் கதிரரிவாள், புடவை முழங்காலுக்கு மேல், முகமெல்லாம் அந்தக் கறுப்புத் தண்ணீர். அவளுக்குப் பின்னால் ஆண்கள் எழுந்து கிடைத்த பக்கம் ஓடினார்கள். எங்கள் கொத்தமல்லிக் காடு மோரியில் இருந்து கூப்பிடு தூரத்தில், புதருக்குப் பின்னால் இருந்தது. பழைய மணி அங்கே கேட்காது.

அம்மா என்னைப் பார்த்தாள், சங்கிலியைப் பார்த்தாள். மூச்சு வாங்கி முடித்ததும், "பெல்லு எதுக்கு வாங்கிக் குடுத்தேன்?" என்றாள். திரும்பி, வந்த வழியே அந்தத் தண்ணீரிலேயே நடந்து போனாள். மறுநாள் நுழைவதற்கு முன் புதருக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அம்மா வரப்பில் நின்றிருந்தாள், வேலை எதுவும் செய்யவில்லை. அந்தப் பக்கம் போய் அடித்த பிறகுதான் அவள் குனிந்திருப்பாள். அதன் பிறகு படிப்பு முடியும்வரை ஒருநாளும் நான் அதை மறக்கவில்லை.

இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை, சைக்கிளில்தான் போய்வருகிறேன். கியர் வைத்த சைக்கிளில் அம்மா வாங்கிக் கொடுத்த அந்தப் பெரிய மணியைப் பார்த்து உடன் வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். போன வாரம் ஊருக்கு மிதித்துப் போனேன். வழியில் ஹெல்மெட்டும் இறுக்கமான டவுசரும் போட்டுக்கொண்டு பெங்களூரில் இருந்து வந்திருந்த சிலர், ஏரிக்கரை மண்பாதையைப் படம் பிடித்து "நல்ல டிரெயில்" என்று மெச்சிக்கொண்டிருந்தார்கள். அவர்களை மோரி வரை கூட்டிப்போய்க் காட்டலாமா என்று இருந்தது.

காட்டுவதற்குப் பழைய மோரி இல்லை. கார் போகிற அளவுக்குச் சுரங்கப்பாதை போட்டு, விளக்கு வைத்து, சுவரில் பறவைகள் வரைந்திருக்கிறார்கள். சீமைக்கருவேல் புதர் இல்லை. கொத்தமல்லிக் காடு ஒரு குடோனின் காம்பவுண்டுக்குள் போய்விட்டது. அம்மா நின்ற வரப்பின்மேல் மதில் நிற்கிறது. நாற்றம் மட்டும் அப்படியே இருக்கிறது, தண்ணீர் இப்போது ஓரத்துச் சாக்கடையில் போகிறது. வரைந்த பறவைகளின்மேல் இருவர் நின்றுகொண்டு ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மணி அடித்தேன். ஒருவன் தன் செல்போனில் இருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

நிலம் போன பிறகு அம்மா என்னோடுதான் இருக்கிறாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். விளக்கு வைத்தால் என்ன, பறவை வரைந்தால் என்ன, அந்த அசிங்கம் அப்படியேதான் இருக்கிறது என்று கத்தினேன். அம்மா கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வெளிய வந்து அடிச்சியா?" என்றாள்.

"அடிச்சேம்மா."

அதன் பிறகுதான் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.