நஞ்சுக்கொடியைத் தொட்ட கை

அன்று குழந்தையைத் தூக்குவதற்கு முன் நான் சோப்புப் போட்டுக் கை கழுவினேனா? ஒன்பது மாதமாக இதே கேள்விதான். கொட்டகை ஓரத்துத் தண்ணீர்த் தொட்டி நினைவிருக்கிறது. துவைக்கிற கல்லின் மேல் ஈரமான சோப்புக்கட்டியும் தெரிகிறது. ஆனால் அந்தச் சோப்பை அன்றைக்குத்தான் பார்த்தேனா, வேறொரு நாளா என்று சொல்ல முடியவில்லை.

நாங்கள் இருப்பது திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமம். கணவர் விடியும் முன்பே நாவலூருக்கு வேலைக்குப் போய்விடுவார். அன்று காலை, ஏழு மாதச் சினையாக இருந்த எங்கள் மாடு முக்கத் தொடங்கியது. மாமியாருக்கு மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது.

“இன்னாடி பாத்துகினு நிக்கிற? கால புடிச்சி இழு. நீயும் பெத்தவதான?”

இழுத்தேன். கன்று செத்தே வந்தது. நஞ்சுக்கொடி பாதி வெளியே தொங்கியது. மதியம்வரை விழவில்லை. மாமியார் சொன்னார் என்று அதையும் வெறுங்கையால் பிடித்து இழுத்தேன். அப்போதுதான் தூளியில் ஆறு மாதப் பையன் வீறிட்டான். எனக்குப் பால் கட்டி, ரவிக்கை நனைந்திருந்தது. ஓடினேன். அதற்குப் பிறகு நினைவில் இருப்பது அவன் வாய் என் மார்பில் இருந்ததுதான். நடுவில் இருந்த அந்த ஒரு நிமிடம்தான் காணவில்லை.

மறுநாள் கால்நடை மருத்துவர் வந்தார்.

“யாரும்மா கை வெச்சது?”

“நான்தான் சார்.”

“வூட்ல கைக்கொழந்த எதுனா கீதா?”

“ஆறு மாசம்.”

அவர் கையுறையை மாட்டிக்கொண்டார். “செனயக் கலைக்கிற கன்று வீச்சு நோயா இருக்கலாம். மனுசங்களுக்கும் ஒட்டும். நஞ்சு எங்க?”

“ஆள வுட்டு ஆலமரத்துல கட்னேன் சார்,” என்றார் மாமியார். “அப்பதான பால் நல்லா சுரக்கும்.”

“அங்கதான பசங்க பஸ்ஸுக்கு நிக்கிதுங்க?”

கைகளில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு ஆலமரத்தடிக்குப் போனேன். வைக்கோல் சுற்றிய மூட்டையின் அடியைக் காக்கை கொத்தியிருந்தது. இறக்கி, ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தோம்.

மாட்டின் ரத்தத்தில் நோய் இருப்பதாக முடிவு வந்தது. அன்றே செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எனக்கும் பையனுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஒன்றும் இல்லை. ஜுரம் விட்டுவிட்டு வந்தால் திரும்ப வரச் சொன்னார்கள். எந்தக் குழந்தைக்குத்தான் ஜுரம் வராது? ஒவ்வொரு முறையும் அதே கையைத்தான் அவன் நெற்றியில் வைத்துப் பார்க்கிறேன். இதுவரை மூன்று முறை செங்கல்பட்டுக்குப் போய்விட்டோம்.

பாலிலும் இந்த நோய் பரவுமாம்; அதனால் நன்றாகக் கொதிக்கவிடாமல் பாலை இறக்குவதில்லை. “பால காச்சுறியா, பாயசம் கிண்டுறியா?” என்பார் மாமியார்.

நான் தாய்வீட்டில் இருந்தபோது அவர் சினை ஊசி போடுபவரை வரவழைத்து மாட்டைச் சினைப்படுத்திவிட்டார். இப்போது ஆறாவது மாதம். இந்த முறை சினை முழு மாதமும் தங்கக்கூடும் என்றும், தங்கினாலும் ஈனும்போது நோய்க்கிருமி வெளியே வரும் என்றும் மருத்துவர் சொல்கிறார். வாங்குபவரிடம் எதுவும் சொல்லாமல் சந்தையில் விற்றுவிடலாம் என்கிறார் மாமியார். அந்த வீட்டிலும் ஒரு கைக்குழந்தை இருந்தால்? முடியாது என்று சொல்லிவிட்டேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் பேச்சை மறுத்தது அந்த ஒரு முறைதான். சரியாகத்தான் சொன்னேனா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த மாடு எங்கள் கொட்டகையிலேயே நிற்பதற்கு நானல்லவா காரணம்!

பையன் நடக்கத் தொடங்கிவிட்டான். இறக்கிவிட்டால் நேராகக் கொட்டகைக்குத்தான் போகிறான். மாட்டுக்கு, போன முறை கன்று செத்து விழுந்த அந்த ஏழாம் மாதம் பிறக்க இன்னும் பன்னிரண்டு நாள்தான். இப்படி ஒரு மாட்டையும் சிறு குழந்தையையும் ஒரே வீட்டில் வைத்துக் காப்பாற்றியவர்கள் யாராவது இதைப் படித்தால், எங்கே கட்டினீர்கள், ஈனும்போது யார் பக்கத்தில் நின்றீர்கள், பிறகு அந்த இடத்தை என்ன செய்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரமாக எழுதுங்கள்.