கிணறு இல்லாத பாதி

அக்காவுக்கு இருக்க இடம் கேட்ட அன்று, சூப்பர்வைசர் ஐயா சாண்ட்விச்சைத் தாளில் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. புலம்பெயர்ந்து வந்த பனிநாட்டில், புவாண்ட்-கிளேர் என்ற ஊரில் நாங்கள் வேலை செய்த கிடங்குக்கு அவர்தான் பொறுப்பு. மட்டக்களப்புப் பறங்கியர், அங்கே குடியேறிய ஐரோப்பியரின் வழிவந்தவர். நானும் அந்தக் கரையில் பிறந்தவள் என்பதால் என்னோடு தமிழில் கதைப்பார். ஊரில் அவர்களுக்கு ஒரு தென்னந்தோட்டம் இருந்தது. ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் அவருடைய முன்னோர் பெயரில் எழுதப்பட்ட காணி. தலைமுறைதோறும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் பிரிந்து பிரிந்து, மிஞ்சிய துண்டு அவருக்கும் ஆஸ்திரேலியாவிலிருந்த தங்கைக்கும் பொதுவாகக் கிடந்தது.

சுனாமியில் என் அக்காவின் வீடு போய்விட்டது. முகாமில் பிள்ளைகளோடு இருக்க முடியவில்லை என்று அவள் தொலைபேசியில் அழுததைச் சொன்னேன்.

"எங்கட ஆக்கள் மட்டும் ஆரிட்டக் கேட்டு வந்தவங்க? இருக்கட்டும் புள்ள" என்றார்.

அக்காவும் வேறு சில குடும்பங்களும் தோட்டத்துக் கிணற்றடியில் கொட்டில் போட்டார்கள். பிறகு ஹோட்டல் கட்டவென்று ஒருவர் காணிக்கு விலை பேசினார். தன்னைக் கேட்காமல் ஆட்களை இருத்தியதில் தங்கைக்கு ஏற்கெனவே கோபம். கிணற்றோடு சேர்ந்த பாதியை அவருக்கு விற்கத் தனக்குப் பிரித்துத் தரச் சொன்னாள். மறுத்தால் வழக்கு, எல்லாரையும் எழுப்பி வெளியேற்றிவிடுவார்கள் என்று பயந்து ஐயா கையெழுத்து வைத்தார். அக்காவைக் கடற்கரைப் பக்கத்துப் பாதிக்கு மாறச் சொல்லும்படி கேட்டபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட எனக்கென்ன உரிமை என்றும் தோன்றியது.

அங்கே புதுக் கிணறு வெட்டினார்கள். தண்ணீர் வந்ததா என்று காலையில் வந்ததும் வராததுமாகக் கேட்பார். வந்தது, வாயில் வைக்க முடியாத உப்பு. அதைச் சொன்னபோது, லொறிகள் வந்து நிற்கும் கதவருகே போய்ப் பனியைப் பார்த்தபடி நின்றார்.

"பழைய கிணறு எங்கட ஆக்கள் வெட்டினதில்ல புள்ள. காணிய எழுதின நேரத்திலயே அது அங்க இருந்தது. ஆர் வெட்டினதெண்டு ஒருத்தரும் கேட்கல்ல."

அடுத்த பனிக்காலத்தில் அவர் இறந்துபோனார். அடக்கம் முடிந்ததும் அவருடைய மகள் என்னிடம் வந்து, அப்பாவின் காணியில் யாரோ இருக்கிறார்களாமே, அவர்கள் யார் என்று பிரெஞ்சில் கேட்டாள். என் அக்கா என்றேன். என் கையைப் பிடித்து, அதைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்றாள். இன்னும் பேசவில்லை. அக்கா ஹோட்டல் மதிலைச் சுற்றி நடந்து, தெருக்குழாயில் தண்ணீர் எடுத்து வருகிறாள்.