குளிரறைக்கு அடம்பிடித்த அடுப்பக்கா

எங்கள் ஐஸ்கிரீம் ஆலையில் குளிரறை வேலை என்றாலே எல்லோருக்கும் திடீர்த் தலைவலி வரும். கம்பளிக் கோட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு போனாலும், பத்து நிமிடத்தில் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த வேலையைத்தான் அடுப்பக்கா, "எனக்கே குடுங்க, தினமும் குடுங்க" என்று அடம்பிடித்து வாங்கினாள். கோட்டுப் பொத்தானைக்கூடப் போடாமல் உள்ளே பெட்டி அடுக்கினாள்.

வயது ஐம்பத்திரண்டு. மாதவிடாய் நின்றதிலிருந்து நெஞ்சுக்கும் தலைக்கும் குப்பென்று சூடு ஏறும், சட்டை நனையும். பட்டப்பெயரே அதனால் வந்ததுதான். அந்த நேரத்தில் மேனேஜர் வணக்கம் சொன்னால்கூடச் சண்டைதான். ஆனாலும் குளிரறைக்கு ஆள் கிடைத்ததே என்று அவர் வாயை மூடிக்கொண்டார்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அக்கா பெருமையாக அறிவித்தாள். "பதினாலு மாசம் கழிச்சு மறுபடி வந்துடுச்சுடி! குளிர்ல வெச்ச பொருள் கெடாதுல்ல? எனக்கு இளமை திரும்பிடுச்சு!"

மேசையே குலுங்கியது. என் சிரிப்புதான் எல்லாவற்றிலும் பெரிய சத்தம். இப்போது நினைத்தால் என்னையே ஓங்கி அறையலாம் போலிருக்கிறது.

ஆலையின் நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. கால் சுளுக்கு முதல் காதல் தோல்வி வரை எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளை மாத்திரை தருகிறவள், அன்று டப்பாவைத் திறக்கவே இல்லை.

"நின்னு ஒரு வருஷம் ஆனப்புறம் துளி பட்டாலும் டாக்டர்கிட்ட காட்டணும்க்கா. பெரும்பாலும் சின்ன விஷயமாத்தான் இருக்கும். ஆனா கர்ப்பப்பைப் புத்துநோயும் இப்படித்தான் முதல்ல தலை காட்டும்."

"நல்ல சேதி சொன்னா வாய்ல என்ன வருது பாரு இவளுக்கு!" என்று அக்கா எழுந்து போய்விட்டாள்.

நர்ஸ் விடவில்லை. அக்காவுக்கு அரைநாள் லீவு கேட்டு மேனேஜரிடம் போனாள். "சீசன் நேரம். பொம்பளைங்க சமாச்சாரத்துக்கெல்லாம் லீவு குடுத்தா ஐஸ்கிரீமை யாரு அடுக்குறது?" என்றார் அவர். நோயாளி விரும்பியதும் பால், வைத்தியர் சொன்னதும் பால் என்பார்கள். இங்கே நோயாளியும் மேனேஜரும் ஒரே கட்சி, வைத்தியம் சொன்னவள் தனிக் கட்சி. தினமும் முட்டிக்கொள்கிறவர்கள் அன்று முதல்முறையாக ஒத்துப்போனார்கள்.

ஆனால் குளிரறைக்குள் போக நர்ஸின் கையெழுத்து வேண்டும். அவள் பேனாவை மூடிவைத்துவிட்டாள். "டாக்டரைப் பாத்துட்டு வாங்க, போடறேன்." இரண்டு நாள் அக்கா வெளியே வெந்தாள், அட்டையால் விசிறினாள், கண்ணில் பட்டவரையெல்லாம் திட்டினாள். அவள் இடத்துக்குப் போக ஒருவரும் இல்லை. எல்லோருக்கும் தலைவலி. வாசலில் பெட்டிகள் மலையாகக் குவிந்தன. மூன்றாம் நாள் மேனேஜரே உருகிவிட்டார். "முழுநாளும் எடுத்துக்கோங்கம்மா. தயவுசெஞ்சு போயிட்டு வாங்க!"

நான்தான் கூடப் போனேன். பரிசோதனைக்குத் திசு எடுத்தார்கள். பத்தாம் நாள் முடிவு வந்தது. புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பநிலை. "எனக்குப் பயமா இருக்குடி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் பயம்தான். கர்ப்பப்பையை எடுத்தார்கள். வேறு எங்கும் பரவவில்லை என்று டாக்டர் சொன்னபோது நானும் அழுதேன்.

மூன்று மாதம் கழித்து வந்தவளுக்கு, கொஞ்ச நாளைக்குப் பாரம் தூக்காத வேலையாகக் குளிரறை வாசலில் கோட்டு எடுத்துக் கொடுக்கும் வேலை. சும்மா கொடுப்பாளா? நாற்பதைத் தாண்டிய ஒவ்வொருத்தியையும் நிறுத்தி, நின்றதா, வந்ததா, எப்போது என்று விசாரித்துவிட்டுத்தான் கோட்டு.

"ஒரு கோட்டு குடுக்க இவ்வளவு நேரமா?" என்று மேனேஜர் வந்தார். அக்கா திட்டத் தயாரானாள். அவரோ மற்றவர்கள் போகும்வரை அங்கேயே நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வீட்ல... அவளுக்கு நின்னு ரெண்டு வருஷமாச்சும்மா. போன வாரம் மறுபடி கொஞ்சம் பட்டுச்சாம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா."

அக்கா லீவு ஃபாரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"முழுநாளா எழுதுங்க சார். நீங்களும் கூடவே போங்க. ஐஸ்கிரீமை நாங்க அடுக்கிக்கறோம்."