கறிக்கு ஆகாத கன்று

போன வாரம் கம்போங் ராஜாவில் ஒரு கால்நடைக் கண்காட்சி. மைக் பிடித்த இளைஞர் ஒருவர் - கால்நடை ஆபீசராம் - கொழுகொழு கன்று ஒன்றின் முதுகைத் தட்டித் தட்டி விளக்கிக்கொண்டிருந்தார். சீமைக் காளையை நாட்டுப் பசுவோடு சேர்த்தால் கன்று மளமளவென்று வளருமாம். சதை நன்றாகப் பிடிக்குமாம். கறியும் பஞ்சு மாதிரி இருக்குமாம்.

"அம்மா, இதெல்லாம் உங்களுக்குப் புதுசா இருக்கும்லா?" என்றார், முன்னால் நின்ற என்னிடம்.

புதுசா? எனக்கா?

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இதே கூத்துதான் நடந்தது. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனபோது, தான் வளர்த்த சீமைக் காளையை விட்டுவிட்டுப் போனார். தோட்டத்தைப் பிடித்த ஜப்பானிய அதிகாரி, லயத்து வீடுகளில் நாங்கள் வளர்த்த பசுக்களையெல்லாம் அதனோடு சேர்க்கச் சொன்னான். பிறக்கிற கன்று கொழுத்ததும் பட்டாளத்துச் சமையலுக்கு. பசுவைக் கும்பிடுகிற எங்களுக்குப் போட்ட உத்தரவு இது!

என் பசுவும் ஒரு காளைக்கன்று போட்டது. அடேயப்பா, என்ன வளர்த்தி! எனக்கோ அது கொழுக்கக் கொழுக்கப் பயம். நாட்டுப் பசுவுக்குக் கன்று வந்து மடியை முட்டினால்தான் பால் சுரக்கும். கன்று போனால் பாலும் போச்சு. வீட்டில் ஒன்றரை வயது மகன். மரவள்ளிக் கிழங்கு அவனுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. அந்தப் பாலில்தான் அவன் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

விடுவேனா?

கன்று கொழுக்கக் கூடாது... முடிவு செய்துவிட்டேன். பால் சுரக்கும்வரை முட்டவிட்டு, உடனே இழுத்துக் கட்டினேன். புல்லையும் கொஞ்சமாகவே போட்டேன். அது சும்மா இருக்குமா? கயிற்றை அறுத்துக்கொண்டு போய் யார் வீட்டுச் சர்க்கரைவள்ளிக் கொடியையாவது மேய்ந்துவிட்டு வரும். பட்டினி போட்டாலும் வளர்கிற ஜாதி! கடைசியில் மூங்கிலில் சின்னக் கூடை பின்னி அதன் வாயில் கட்டினேன். பசியில் கத்தும். நானும் பிள்ளை பெற்றவள்தானே, அழுகை முட்டிக்கொண்டு வரும். ஆனால் கூடையை அவிழ்க்கவில்லை.

அதிகாரி மாதாமாதம் வருவான். அவன் தலையைக் கண்டதும் கூடையை ஒளித்துவிடுவேன். விலா எலும்பைத் தடவிப் பார்த்து, "குருஸ்! குருஸ்!" என்று மலாய் மொழியில் கத்துவான். மெலிந்து கிடக்கிறதாம்.

கூட வரும் கிராணி, தோட்டத்துக் கணக்கர், பல்லைக் கடிப்பார். "ஏம்மா, மத்தவங்க கன்னெல்லாம் தளதளன்னு நிக்குது. ஒன்னுது மட்டும் ஏன் இப்படி? உண்மையச் சொல்லுலா!"

"என்னமோ சீக்குங்கய்யா. புல்லக் கண்டாலே மொகத்தத் திருப்பிக்குது."

ஒருநாள் அதிகாரி பளாரென்று என் கன்னத்தில் அறைந்தான். காதுக்குள் ஙொய் என்றது. அப்போதும் "சீக்குதாங்கய்யா" என்றேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று போனான். மற்ற வீட்டுக் கன்றுகள் ஒவ்வொன்றாக லாரி ஏறின. அந்தப் பசுக்கள் கத்திய கத்தலை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

ஜப்பான்காரன் தோற்றுவிட்டான் என்று சேதி வந்த அன்றைக்கே கூடையைப் பிய்த்து எறிந்தேன். ஒரு சொட்டுகூடக் கறக்காமல் மடி முழுவதையும் கன்றுக்கே விட்டேன். ஆசை தீரக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து - என் இடுப்பில் ஒரே முட்டு! அதற்கப்புறம் கடைசிவரை அது என்னைக் கிட்டவே சேர்க்கவில்லை.

சேர்க்காவிட்டால் போகட்டும்... முட்டுவதற்கு உயிரோடு இருந்ததே, அது போதும் எனக்கு!